கருவியும் கையும்: எமுலேற்றர்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு கலைப்படைப்பு எதனால் ஆனது என்ற வினா விமர்சனத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. நாடகத்தைப் பொறுத்தவரையில், எழுத்துரு மட்டும் நாடகமாகிவிடுவதில்லை. அரங்கும் நடிகனின் உடலும் பார்ப்போரும் ஒன்று சேரும்போதே அது நாடகமாகின்றது என்பதை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால், அரை நூற்றாண்டுக் காலத்துள் வளர்ச்சியுற்ற வீடியோ விளையாட்டு என்னும் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும், அதன் நிரல் கிடைத்துவிட்டால் விளையாட்டும் கிடைத்துவிட்டது என்று கருதும் போக்குக் காணப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, பழைய கொன்சோல்களின் விளையாட்டுக்களை லினக்ஸ் கணினிகளில் இயக்கும் எமுலேற்றர்களையும், அவற்றிற் கைக்கருவிகள் பொருத்தப்படும் முறையையும் ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. முதல்நூலும் வழிநூலும்

ஓர் இயந்திரத்தின் நடத்தையை இன்னோர் இயந்திரத்தில் மென்பொருளால் நிகழ்த்திக் காட்டுவதே எமுலேற்றரின் தொழில். நின்டென்டோ நிறுவனம் 1983 இல் யப்பானில் வெளியிட்ட பமிகொம் கொன்சோலின் செயலி செக்கனுக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் துடிப்புக்களோடு இயங்கியது. அதன் வேலை நினைவகம் 2 கிலோபைற் மாத்திரமே. இத்தகைய எளிய இயந்திரத்தை இன்றைய கணினி முழுமையாகப் பிரதிசெய்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். வரலாறு அவ்வாறு அமையவில்லை.

1997 இல் வெளிவந்த இசட்ஸ்னெஸ் என்ற எமுலேற்றர், அக்காலத்து மெதுவான கணினிகளிற் சுப்பர் நின்டென்டோ விளையாட்டுக்களை வேகமாக இயக்கிக் காட்டியது. அவ்வேகம் பல குறுக்குவழிகளாற் பெறப்பட்டது. 2004 இல் தோன்றிய பிஸ்னெஸ், வேகத்தைக் கைவிட்டு, மூல இயந்திரத்தின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்ற முனைந்தது. இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு தொழில்நுட்ப வேறுபாடு மட்டுமன்று. இசட்ஸ்னெஸ்ஸில் மட்டும் சோதித்து இரசிகர்கள் உருவாக்கிய மொழிபெயர்ப்புக்களுள்ளும் திருத்திய விளையாட்டுக்களுள்ளும் சில, உண்மையான கொன்சோலிற் சரிவர இயங்க மறுத்தன. பிழையான பாடம் ஒன்று தனக்கென ஓர் இலக்கியத்தையே தோற்றுவித்துவிட்டது எனலாம். ஏட்டுப் பிரதிகளையும் பாடபேதங்களையும் பற்றிக் கற்கும் தமிழ் மாணவருக்கு இந்நிலை புதியதன்று. எமுலேற்றர் ஒரு பிரதி அன்று. அது ஓர் உரை. உரையாசிரியனின் சார்பு அதனுள் இருந்தே தீரும்.

2. கை என்னும் உறுப்பு

நிரலின் துல்லியம் பற்றி இத்தனை சர்ச்சை நிகழ்ந்துள்ளபோதிலும், அந்நிரல் எந்தக் கையை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்ற வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. சில எடுத்துக்காட்டுக்கள் இதனைத் தெளிவுபடுத்தும். பமிகொம் கைக்கருவியின் இடப்புறத்தே உள்ள சிலுவை வடிவத் திசைப்பொத்தான் ஒரே துண்டாலானது. எனவே இடத்தையும் வலத்தையும் ஒரே வேளையில் அழுத்த முடியாது. இதனால், அந்நிலையைச் சோதிக்கும் கட்டளைகளை எழுதவேண்டிய தேவை நிரலாளருக்குப் பெரும்பாலும் ஏற்படவில்லை. விசைப்பலகையிலோ இரண்டையும் ஒருங்கே அழுத்தலாம். அவ்வாறு அழுத்தினால் செல்டா வரிசையின் இரண்டாவது விளையாட்டில் நாயகன் கட்டுக்கடங்காத வேகத்திற் பாய்கின்றான். நிரலில் எழுதப்படாத ஒரு விதி பிளாஸ்ரிக்கில் எழுதப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள். எமுலேற்றர்கள் பல, எதிர்த்திசைகளை ஒருங்கே ஏற்காதவாறு தடைசெய்வது அவ்விதியை மீண்டும் எழுதும் முயற்சியேயாகும்.

பமிகொம்மின் இரண்டாவது கைக்கருவியில் ஒரு சிறிய ஒலிவாங்கி இருந்தது. 1986 இல் யப்பானில் வெளிவந்த முதலாவது செல்டா விளையாட்டில், நீண்ட செவிகளையுடைய எதிரிகளை அவ்வொலிவாங்கியில் ஓசை எழுப்பி அழிக்கலாம். அமெரிக்காவில் விற்கப்பட்ட கொன்சோலின் கைக்கருவியில் ஒலிவாங்கி இல்லை; ஆயினும், அவ்வெதிரி பேரோசையை வெறுப்பவன் என்ற குறிப்பு அங்குள்ள கையேட்டில் அப்படியே எஞ்சிவிட்டது. இன்று சில எமுலேற்றர்களில் அவ்வொலிவாங்கி ஒரு பொத்தானாக மாறியுள்ளது. கத்துதல் அழுத்துதலாயிற்று. செயல் நிறைவேறுகின்றது, உடலின் அனுபவம் மறைகின்றது.

1984 இல் வெளிவந்த டக் ஹன்ற் விளையாட்டின் துப்பாக்கியும் இத்தகையதே. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, பறவை இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும்; துப்பாக்கியிலுள்ள ஒளியுணரி அவ்வெண்மையைக் காணும். பழைய கதோட்டுக் குழாய்த் திரை உடனுக்குடன் ஒளிர்ந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. இன்றைய தட்டைத் திரையில் அத்துப்பாக்கி பயனற்றது. ஆகையால், எமுலேற்றரிற் சுட்டியே துப்பாக்கியாகின்றது. குறிபார்த்தல், சுட்டிக்காட்டுதலாகச் சுருங்குகின்றது.

3. எழுத்தா, இடமா?

இப்பின்னணியிலேயே லினக்ஸில் நிகழும் பொருத்துதலை நோக்குதல் வேண்டும். கைக்கருவியை இணைத்ததும் இயங்குதளத்தின் கருவான கேர்ணலிலுள்ள உரிய இயக்கி அதனை இனங்கண்டு, நிகழ்வுகளாக வெளியிடுகின்றது. ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருள், கருவியின் பெயரையும் அடையாள எண்களையும் கொண்டு அதற்குரிய அமைவுக் கோப்பைத் தெரிவுசெய்து, அந்நிகழ்வுகளை ரெட்ரோபாட் என்னும் கற்பனைக் கைக்கருவி ஒன்றின் பொத்தான்களாக மாற்றுகின்றது. குறித்த கொன்சோலின் எமுலேற்றர் அக்கற்பனைக் கருவியிலிருந்து மூலக் கருவிக்கு மீளவும் மாற்றுகின்றது. ஆக, விரலுக்கும் விளையாட்டுக்குமிடையே மூன்று மொழிபெயர்ப்புக்கள் நிகழ்கின்றன.

ரெட்ரோபாட், சுப்பர் நின்டென்டோவின் கைக்கருவியை அடிப்படையாகக் கொண்டது. அதில் ‘ஏ’ வலப்புறத்திலும் ‘பி’ கீழ்ப்புறத்திலும் உள்ளன. எக்ஸ்பொக்ஸ் கைக்கருவியிலோ ‘ஏ’ கீழேயும் ‘பி’ வலத்தேயும் அமைந்துள்ளன. எனவே, விளையாட்டுத் திரை ‘ஏ’யை அழுத்து என்று கூறும்போது, எக்ஸ்பொக்ஸ் கருவியை வைத்திருப்பவர் ‘பி’ எனப் பொறிக்கப்பட்ட பொத்தானை அழுத்தவேண்டியவராகின்றார். இடத்துக்கு விசுவாசமாக இருந்தால் எழுத்துப் பிழைக்கின்றது. எழுத்துக்கு விசுவாசமாக இருந்தால் இடம் பிழைக்கின்றது. கேர்ணலின் ஆவணங்கள் இச்சிக்கலை உணர்ந்து, இந்நான்கு பொத்தான்களையும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எனத் திசைகளாற் சுட்டுகின்றன. இது ஒரு தெளிவான நிலைப்பாடு. நிறுவனம் இட்ட பெயரன்று, விரல் செல்லும் இடமே உண்மை என்பதே அதன் உட்கிடை.

ஆனால் இடத்துக்கு விசுவாசமாயிருத்தலும் போதுமானதன்று. 1985 இல் வெளிவந்த சுப்பர் மரியோ பிறதர்ஸ் விளையாட்டின் கைக்கருவியில் ‘பி’யும் ‘ஏ’யும் கிடைக்கோட்டில் அருகருகே இருந்தன. பெருவிரலின் நுனியால் ‘பி’யை அழுத்தி ஓடிக்கொண்டே, அவ்விரலின் நடுப்பகுதியைச் சாய்த்து ‘ஏ’யினாற் பாய்வதே அவ்விளையாட்டின் இலக்கணம். எழுத்தைப் பின்பற்றிய இயல்பான பொருத்துதலில் அவ்விரண்டும் சரிகோட்டில் அமைகின்றன. பெருவிரல் வேறுவிதமாக மடங்கவேண்டியுள்ளது. அவற்றை மேற்கிலும் தெற்கிலுமுள்ள பொத்தான்களுக்கு மாற்றினால் பழைய அசைவு ஓரளவு மீளுகின்றது. சேகா மெகா டிரைவின் வரிசையான மூன்று பொத்தான்களை வைரவடிவிலான நான்கின் மீது ஏற்றும்போதும் இதே பிரச்சினை எழுகின்றது.

ரெட்ரோஆர்ச்சின் சிறப்பும் குறைபாடும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பவை. எத்தனையோ கொன்சோல்களை ஒரே கற்பனைக் கருவியின் கீழ்க் கொணர்ந்தமையால் அவற்றை எவரும் அணுகக்கூடியதாயிற்று. அதே காரணத்தால் அவற்றின் வேறுபாடுகள் அமைதியாகச் சமப்படுத்தப்பட்டன. குறை பொத்தான்களை மாற்றியதில் இல்லை. மாற்றியமையை விளையாடுபவருக்கு உணர்த்தாது விடுவதிலேயே உள்ளது. நல்ல பதிப்பாசிரியன் தான் கொண்ட பாடத்தை மட்டுமன்றித் தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டுவான்.

4. திருத்துதலின் எல்லை

எளிமையும் இன்பமுமே விளையாட்டின் பயன். மூலத்தின் அசௌகரியங்களைக் காப்பாற்றுவது பழைமைவாதமேயன்றி வேறில்லை என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. 2018 இல் ரெட்ரோஆர்ச்சிற் சேர்க்கப்பட்ட ஒரு வசதி, விளையாட்டைச் சில சட்டகங்கள் முன்னோக்கி மறைவாக இயக்கி, அதன் பயனை உடனே திரையிற் காட்டுகின்றது; செக்கனின் அறுபதில் ஒரு பங்கே ஒரு சட்டகம். நிரலிலேயே பொதிந்துள்ள தாமதத்தையும் இது நீக்கவல்லது. இன்றைய திரையும் கணினியும் புதிதாகச் சேர்த்த தாமதத்தை ஈடுசெய்யும் அளவுக்கு இதனைப் பயன்படுத்தினால் அது மீட்டெடுப்பு. அதற்கு அப்பாற் சென்றால் மூல ஆசிரியனைத் திருத்துதல். மாற்றம் தன்னளவிற் குற்றமன்று. எந்த எல்லையில் மீட்பு முடிந்து திருத்தம் தொடங்குகின்றது என்பதை அறியாதிருத்தலே குற்றம்.

5. யாருடைய சொத்து?

இவ்வினாக்கள் சிலரது பொழுதுபோக்குப் பற்றியவை என்று ஒதுக்கத்தக்கனவல்ல. வீடியோ கேம் ஹிஸ்ரறி பவுண்டேசன் 2023 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவில் 2010 இற்கு முன் வெளியான விளையாட்டுக்களுள் ஏறத்தாழ 87 சதவீதமானவை விற்பனையிற் கிடைப்பதில்லை என்று கண்டது. ஆய்வாளர் அவற்றை நூலகங்களிலிருந்து தொலைவழியாகப் பயன்படுத்த அனுமதிக்கவேண்டும் என்ற கோரிக்கையை 2024 இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. பிளேஸ்ரேஷன் எமுலேற்றர் ஒன்றைத் தயாரித்த கொனெக்ரிக்ஸ் நிறுவனத்துக்குச் சார்பாக 2000 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதன்பின் சோனி நிறுவனம் அம்மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. நீதிமன்றத்திற் பெறமுடியாததைச் சந்தையிற் பெறலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

லினக்ஸின் முக்கியத்துவம் இவ்விடத்திலேயே புலனாகின்றது. ரெட்ரோஆர்ச்சும், 1997 இல் தோன்றி 2016 இற் கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்த மேம் எமுலேற்றரும் எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடிய நிரல்களாகும். எவராலும் விலைக்கு வாங்கி மறைத்துவிட முடியாதவை. பொத்தான்களின் பொருத்தங்களும் வெறும் எழுத்துக் கோப்புக்களாகவே சேமிக்கப்படுகின்றன. ஒரு கொன்சோலுக்கு ஒன்று, ஒரு தனி விளையாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியே அவற்றை அமைக்கலாம். அக்கோப்பிற் காரணத்தையும் சேர்த்து எழுதிப் பகிர்ந்தால் அதுவே அவ்விளையாட்டுக்குரிய ஓர் அடிக்குறிப்பாகும். இவ்வாறு பார்க்கையில், அமைவுத் திரையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பவர், தாம் அறியாமலே ஒரு பதிப்பாசிரியரின் பணியைச் செய்கின்றார்.

இக்கொன்சோல்கள் சந்தையிலிருந்து மறைந்த பின்னர் பிறந்த எம் தலைமுறை மாணவருக்கு எமுலேற்றர் வழிநூலாக மட்டும் இருக்கவில்லை. முதல்நூலாகவும் அதுவே உள்ளது. மூலத்தைத் தொட்டறிந்தவர் இழப்பை உணர்வார். தொடாதவருக்கு இழப்பு என்ற ஒன்று இருப்பதே தெரியவராது. ஆதலால், நிரலைக் காப்பாற்றுவதோடு பணி முடிந்துவிட்டதெனக் கொள்ளாது, அந்நிரல் வேண்டி நின்ற கையின் அசைவையும் எழுதிவைத்தல் இன்றியமையாததாகின்றது. எழுத்துரு மட்டும் எஞ்சி ஆடல் மறைந்த கூத்தை எவரும் காப்பாற்றப்பட்ட கூத்தென்று கூறார்.