பெட்ரோல் டேப்பைத் திருகினால் போதுமா?

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு, வண்டியை நிறுத்தியதும் கை தானாக டாங்குக்கு அடியில் போகும். பெட்ரோல் டேப்பை மூட மறந்தால் சில வண்டிகளில் காலையில் தரை நனைந்திருக்கும். அமெரிக்க வீடுகளின் கராஜில் நிற்கும் புல்வெட்டும் இயந்திரங்களில் பலவற்றுக்கு அந்த டேப்பே கிடையாது. டாங்கிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு ரப்பர் ஹோஸ், அவ்வளவுதான். அதனால் அங்கே பலர் சில டாலருக்கு ஒரு வால்வு வாங்கி, ஹோஸை நடுவில் வெட்டித் தாங்களே செருகிக்கொள்கிறார்கள்.

டேப் இல்லாத இயந்திரத்தில் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊசி. கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஊசியைத் துவாரத்தில் அழுத்தி அடைக்கும். மொட்டைமாடித் தொட்டியில் மிதக்கும் பந்து தண்ணீரை நிறுத்துவதும் இப்படித்தான். ஊசிமுனை தேய்ந்தாலோ, ஒரு துளி தூசி சிக்கினாலோ அடைப்பு முழுமையாகாது. எஞ்சின் ஓடும்போது இந்தக் கசிவு பெரும்பாலும் கண்ணில் படாது, வருவது எரிந்துவிடும். நிற்கும்போதுதான் வினை. டாங்க் மேலே இருப்பதால் சொட்டுச் சொட்டாகக் கிண்ணம் வழிந்து, கார்புரேட்டரின் சாய்வைப் பொறுத்துத் தரைக்கோ சிலிண்டருக்கோ போகும். சிலிண்டருக்குள் இறங்கினால் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கும். தள்ளிக்கொண்டு போகும் சிறு இயந்திரத்தில் மொத்த ஆயிலே ஏறக்குறைய அரை லிட்டர்தான். அதில் கால் லிட்டர் பெட்ரோல் சேர்ந்தால் வழவழப்பு எங்கே மிஞ்சும்? உட்கார்ந்து ஓட்டும் பெரிய வகையில் சிலிண்டரே நிறைந்துவிட்டால் பிஸ்டன் மேலேறாது, திரவத்தை அமுக்க முடியாதே. ஸ்டார்ட்டர் முக்கிவிட்டு நிற்கும். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையும்.

தரைக்குக் கசிந்தாலும் நிம்மதி இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பல வீடுகளில் கேஸில் எரியும் வெந்நீர்க் கொதிகலனும் அதே கராஜில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் மருந்து ஒரு வால்வு என்றால் மறுப்பதற்கில்லை. ஆனால் அது எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தாது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நெடுங்காலம் தயாரித்த ஒரு வகையில் கார்புரேட்டர் டாங்கின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் கீழிருந்து உறிஞ்சப்படும். அங்கே வால்வு செருக இடமும் இல்லை, அவசியமும் இல்லை. பெரிய இயந்திரங்கள் பலவற்றில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சாலினாய்டு இருக்கிறது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் நின்றுவிடும் என்று உரிமையாளர்கள் நம்புவது அதை வைத்துத்தான். பாவம், அது செய்வது வேறு வேலை. எஞ்சினை அணைத்த பிறகு சைலன்ஸரில் வெடிச்சத்தம் கேட்காமலிருக்க, பெட்ரோல் வெளியேறும் முதன்மை ஜெட்டை அடைக்கிறது. ஊசி கசிந்து கிண்ணம் வழிந்தால் சாலினாய்டு வெறும் பார்வையாளர்.

வால்வை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு காரணம் குளிர்காலம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் இலையுதிர்காலத்தோடு புல்வெட்டு முடிந்து, வசந்தம் வரை இயந்திரம் சும்மா நிற்கும். அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டினால் கிண்ணம் காலியாகும் என்பது வாதம். இதில் பாதி உண்மை. வால்வு இல்லையென்றால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாக ஆவியாகப் புதிதாக வந்து நிரம்பும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசின் படியும். வால்வு அந்தச் சுழற்சியை நிறுத்துகிறது, சந்தேகமில்லை. ஆனால் கிண்ணத்தின் அடியிலும் ஜெட்டிலும் தங்கும் துளிகளை அது வெளியேற்றாது. டாங்கில் கிடக்கும் பெட்ரோல் பழசாவதையும் தடுக்காது.

குறைகளில் முதலாவது தரம். பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம் என்பதால், அங்கே செருகுவது ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் என்பது மறந்துபோகிறது. முன்பு முழு ஹோஸாக இருந்த இடத்தில் இப்போது இரண்டு இணைப்புகள், இரண்டு கிளாம்புகள், உள்ளே ஒரு ரப்பர் வளையம். எஞ்சினின் அதிர்விலும் வெயிலிலும் இவை இறுகிக் கிடக்க வேண்டும். வால்வின் உள்துவாரம் குறுகலாக இருந்தால் வேறு தொல்லை: சிறு இயந்திரத்தில் பெட்ரோலைத் தள்ளுவது சில அங்குல உயரத்தின் எடை மட்டுமே. அடர்ந்த புல்லில் போகும்போது எஞ்சின் மூச்சு வாங்கும்.

தொழிற்சாலை வால்வு என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹோண்டாவின் இயு2200ஐ ஜெனரேட்டரில், பெட்ரோலை அடைத்துவிட்டுக் கார்புரேட்டரைக் காலியாக்கும் வசதி இருந்தது. வரவேற்கத்தக்க யோசனைதான். அதே மாடலும் அதன் உடன்பிறப்புகளுமாகச் சுமார் 2 லட்சம் ஜெனரேட்டர்களை 2019 மார்ச்சில் அமெரிக்காவில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம்: அந்த வால்விலிருந்தே பெட்ரோல் கசிந்தது!

இரண்டாவது குறை மனிதக் கை. மூட மறந்தால் வால்வு இருந்தும் இல்லாததே. திறக்க மறந்தால் கிண்ணத்தில் மிச்சமிருப்பதை வைத்து எஞ்சின் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்த பிறகே காரணம் ஞாபகம் வரும். ஹோண்டா தன் தள்ளு இயந்திரங்களில் வால்வைத் தானே பொருத்தித் தந்தபோதும், திருகும் வேலை உரிமையாளருடையதாகவே இருந்தது.

டாங்க் கார்புரேட்டருக்கு மேலே இருந்து, இயந்திரம் வீட்டோடு ஒட்டிய கராஜில் நின்றாலோ, வண்டியில் ஏற்றிக் குலுங்கிக் குலுங்கிப் போனாலோ வால்வு போடலாம், உலோகத்தில் போடலாம். ஏற்கெனவே கசியும் ஊசிக்கு மாற்றாக அதைப் போடுவது மட்டும் தவறு. போடும் முன் ஆயில் அளவுக்குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருந்தாலோ அன்றைக்கு எஞ்சினை இயக்க வேண்டாம். முதலில் ஊசியை மாற்றுங்கள், ஆயிலை மாற்றுங்கள். வால்வு அதற்கப்புறம்.