மச்சம் எங்கே போச்சு?

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739ல். சரியாக நூறு வருஷம் கழித்து, 1839ல், டாகேரின் புகைப்பட முறையைப் பாரிஸில் உலகுக்கு அறிவித்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. இருந்தாலும், சமீபத்தில் பார்க்கக் கிடைத்த ஒரு காரைக்கால் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோது டாகேர் மேல் பரிதாபம் வந்தது.

மணப்பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல மாநிறம், இடது கன்னத்தில் ஒரு மச்சம். ஆல்பத்தில் இருப்பது வேறு யாரோ. கழுத்துக்கு மேலே ரோஸ், கைகள் மட்டும் பழைய கலர். மச்சத்தைக் காணோம்.

முதல் குற்றவாளி வெளிச்சம். வீடியோக்காரர் ஸ்டாண்டில் ஏற்றி நேரே முகத்தில் அடிக்கிறாரே, அந்த லைட். எதிரிலிருந்து வரும் வெளிச்சம் நிழலைக் கொல்லும். நிழல் போனால் மூக்கும் போச்சு. முகம் தோசை மாதிரி தட்டை. விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் கன்னம் கன்னமாக இருந்திருக்கும். ஹோமப் புகை இருக்கிறதே, பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால் அப்படி ஓர் அழகு! இங்கே அது வெறும் சாம்பல் அழுக்கு.

அப்புறம் கலர். ஃப்ளாஷ் வெளிச்சம் பகல் மாதிரி, சுமார் 5500 கெல்வின். மஞ்சள் ஹாலஜன் 3200. மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. ஊதா. மூன்றும் ஒரே மேடையில் விழுந்தால் பாவம் கேமரா, எதைத்தான் வெள்ளை என்று நம்பும்? மாப்பிள்ளையின் பட்டு வேட்டி லேசான ஊதாவில் இருக்கிறது.

இதில் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து போட்டோ லேப்களில் கலர் சரிபார்க்க கோடாக் கொடுத்த அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். 'ஷெர்லி கார்டு' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம் தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கு அந்தச் சாக்கு செல்லாது. மாநிறத்தை நன்றாகவே பிடிக்கிறது. பிடித்ததைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழிக்கிறோம். போட்டோகிராபரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. "பொண்ணு வீட்லயே கொஞ்சம் கலர் ஏத்துங்கன்னு கேக்கறாங்க சார்" என்பார். உண்மைதான்.

இத்தனைக்கும் ஊர் காரைக்கால். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் வருஷா வருஷம் கல்யாணம் நடக்கிற ஊர். அழகான உடம்பை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர் அம்மையார். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கும் சோழர் கால வெண்கலத்தில், ஒட்டிய உடம்போடு, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சிற்பி ஒன்றையும் மழுப்பவில்லை.

லென்ஸ் விஷயம் சின்னது. குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா நிஜத்தில் ஒல்லி, படத்தில் பயில்வான். 18 மி.மீ. வைடு ஆங்கிள் ஓரங்களை இழுத்துவிடும். இரண்டு வரிசை நாற்காலியை நகர்த்தச் சொல்லிப் பின்னால் போய் 50ல் எடுத்திருக்கலாம். தனி முகத்துக்கு 85.

ஒரே ஒரு படம் பிழைத்திருக்கிறது. மணமகள் அறையில் ஜன்னல் ஓரம் பெண் உட்கார்ந்திருக்க, அம்மா பூ வைத்துவிடுகிறாள். ஃப்ளாஷ் இல்லை. பாதி முகம் நிழலில். மச்சம் இருக்கிறது. அம்மாவின் கண்ணில் ஏதோ தளும்புகிறது. இதைக் கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஸ்டாம்ப் சைஸில் போட்டிருக்கிறார்கள்! காரைக்காலில் பல குடும்பங்களுக்குச் சொந்தம் பிரான்ஸில். அங்கிருந்து வர முடியாத பாட்டிக்கு இந்த ஆல்பம்தான் கல்யாணம். பேத்தியை அவள் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாமா?

ஆல்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, டச்சப் செய்யாத ஒரிஜினல் ஃபைல்களையும் தரச் சொல்லிவிடுங்கள். சில மாதம் போனால் ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று அழித்துவிடுவார்கள்.