விழுந்தது ஏன் என்று சொல்லாத சேவை

நுகர்வோர் ட்ரோன்களை மதிப்பிட்டு எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் அண்மைக்காலமாக ஒரே பாராட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். டிஜேஐ நிறுவனத்தின் கேர் ரிஃப்ரெஷ் போன்ற மாற்றித் தரும் திட்டங்கள் வந்தபிறகு வாடிக்கையாளர் சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை என்கிறார்கள். முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட்டால் போதும். மரத்தில் மோதினாலும் குளத்தில் விழுந்தாலும் குறைந்த கட்டணத்தில் வேறொரு ட்ரோன் கைக்கு வந்துவிடும். இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். விழுந்தது ஏன் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லாத எந்த ஏற்பாட்டையும் சேவை என்று என்னால் ஏற்க முடியாது.

தரம் உயர்ந்திருப்பதை யாரும் மறுக்க முடியாது. 2013இல் டிஜேஐயின் முதல் ஃபேன்டம் ட்ரோன் வந்தபோது கேமராவைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. இன்று 250 கிராமுக்கும் குறைவான மினி வகை ட்ரோன்கள் காற்றில் நிலையாக நிற்கின்றன. சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் தாமாகவே திரும்புகின்றன. மாற்றித் தரும் திட்டமும் பலரைப் பெரிய நஷ்டத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நல்லது.

ஆனால் விபத்துக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். கல்யாண ஊர்வலத்தை மேலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார் ஒரு வீடியோகிராபர். திரையில் காம்பஸ் பிழை என்று எச்சரிக்கை வருகிறது. அடுத்த கணம் ஜிபிஎஸ் பிடி விட்டுப்போய், ட்ரோன் காற்றோடு பக்கவாட்டில் நழுவுகிறது. ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளுகிறார். மண்டபத்துத் தகரக் கூரையின் விளிம்பில் இடித்துக் கீழே விழுகிறது. தவறு எங்கே? கட்டடத்தின் இரும்பா, பழுதான சென்சாரா, முந்தின இரவு ஏற்றிய ஃபர்ம்வேரா, அவருடைய விரலா?

இதற்கான விடை பறப்புப் பதிவில் இருக்கிறது. பதிவுகள் இரண்டு. ஒன்று செல்பேசியிலோ ரிமோட்டிலோ சேர்வது: உயரம், வேகம், செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை, பேட்டரி நிலை, ஸ்டிக் எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பவை அதில் இருக்கும். மற்றொன்று ட்ரோனுக்குள்ளேயே இருப்பது. சென்சார்கள் சொன்னது என்ன, மோட்டார்களுக்குப் போன கட்டளை என்ன, அவை சுழன்ற வேகம் என்ன என்பதெல்லாம் இந்த இரண்டாவதில்தான் விரிவாக இருக்கும். டிஜேஐயின் பிந்தைய மாடல்களில் இந்த உட்பதிவு பூட்டப்பட்டிருக்கிறது, சாவி நிறுவனத்திடம். முதல் வகைப் பதிவையும் சில ஆண்டுகளாகப் பூட்டியே வைக்கிறார்கள். மூன்றாம் தரப்புச் செயலிகள் அதைத் திறக்க வேண்டுமானால் நிறுவனம் சாவி தர வேண்டும்.

ஆக, உடைந்த ட்ரோன் சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. நிறுவனம் பதிவைப் பார்க்கிறது. கருவியில் குறையில்லை, இயக்கியவரின் தவறு என்று முடிவு வந்தால் வாரண்டி கிடையாது. அந்த முடிவை எதிர்த்து வாதாட உரிமையாளரிடம் உட்பதிவின் ஒரு வரிகூட இருப்பதில்லை. கருவியில்தான் குறை என்று முடிவானால் வேறு ட்ரோன் வரும். என்ன குறை என்று அப்போதும் தெரியாது. அதே குறை புதிதாக வந்ததிலும் இருக்கிறதா, அதே மாடலை வைத்திருக்கும் மற்றவர்கள் கவனமாக இருக்க வேண்டுமா என்று கேட்டாலும் பதில் வராது. குற்றம் சாட்டப்பட வேண்டியவரே விசாரித்து, அவரே தீர்ப்பும் எழுதுகிற ஏற்பாடு இது.

விமானப் போக்குவரத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பின்படி விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவது அதன் வேலை இல்லை. விசாரணையும் தயாரிப்பாளர் கையில் இல்லை. ட்ரோன் சிறிய பொருள்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அது பறப்பது ஆட்களின் தலைக்குமேலே.

காரணத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. கோப்ரோவின் கர்மா ட்ரோன் 2016 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. சில, பறக்கும்போதே மின்சாரம் அறுந்து விழுந்ததால் நவம்பர் 8 அன்று சுமார் 2,500 ட்ரோன்களையும் நிறுவனம் திரும்பப் பெற்றது. பேட்டரியைப் பிடித்துவைக்கும் தாழ்ப்பாளில்தான் கோளாறு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதைத் திருத்தி, 2017 பிப்ரவரியில் மறுபடி விற்றது. அதே 2017இல் டிஜேஐயின் ஸ்பார்க் ட்ரோன்களும் நடுவானில் மின்சாரம் இழந்து விழுவதாகப் புகார்கள் வந்தன. செப்டம்பர் 1க்குள் புதிய ஃபர்ம்வேரை ஏற்றாவிட்டால் ட்ரோன் கிளம்பாது என்று அறிவித்தார்கள். பாதுகாப்புக்காக அப்படிக் கட்டாயப்படுத்தியதைக்கூட ஏற்கலாம். ஆனால் எது பழுதானது என்று உரிமையாளருக்கு விளக்க வேண்டிய கடமை அந்தக் கட்டாயத்தோடு தீர்ந்துவிடாது.

பதிவைப் பூட்டுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அதில் இருப்பிட விவரம் இருக்கிறது, தனியுரிமை கெடும் என்பது முதலாவது. அது யாருடைய இருப்பிடம்? உரிமையாளருடையது. அடுத்தவர் பார்க்காமல் பூட்டுங்கள். அவரே பார்க்க முடியாமல் பூட்டுவதற்குத் தனியுரிமை என்று பெயர் வைக்க வேண்டாம். தொழில் ரகசியம் என்பது இரண்டாவது காரணம். பேட்டரி செல்லின் வோல்டேஜிலும் மோட்டாரின் சுழற்சியிலும் என்ன ரகசியம்? ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளில் பறக்கும் ட்ரோன்களின் பதிவை யாரும் படிக்கலாம். அந்த மென்பொருளில் ஓடிய சோலோ ட்ரோனை 3டி ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 2016இல் கைவிட்டது. அதன்பிறகும் பயனர்களே கூடி ஓப்பன் சோலோ என்ற பெயரில் மென்பொருளைத் திருத்திப் பறக்கவிட்டார்கள். சந்தையில் சோலோ தோற்றதற்குக் காரணங்கள் பல. திறந்த பதிவு அவற்றில் ஒன்றென்று யாரும் சொன்னதில்லை.

இந்தியாவில் இந்தக் குறை இன்னும் கடுமையாகத் தைக்கிறது. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. நம் கல்யாண மண்டபங்களில் பறக்கிற பல ட்ரோன்களுக்கு இங்கே செல்லுபடியாகும் மாற்றித் தரும் திட்டமே கிடையாது. பழுது பார்க்கிற கடைக்காரருக்கும் உட்பதிவு திறக்காது. அனுமானத்தில் பாகங்களை மாற்றுகிறார். ஆனால் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் இயக்கியவர் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அறிக்கை தர வேண்டும். காரணத்தை அறியும் வழி மூடப்பட்டவர் எதை எழுதுவார்?

அறிக்கை தரும் கடமை இயக்குபவருக்கு இருக்குமானால், பூட்டில்லாத முழுப் பதிவையும் அவர் கேட்டவுடன் தரும் கடமை தயாரிப்பாளருக்கும் இருக்க வேண்டும். வாரண்டியை மறுக்கும்போது பதிவின் எந்த இடத்தைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். இரண்டையும் சட்டமாக்க வேண்டும். அதுவரை மாற்றித் தரும் திட்டத்தை ஒரு காப்பீடாக மட்டும் மதிப்பிடுவோம். வாடிக்கையாளர் சேவைக்கான மதிப்பெண்ணை அதற்குக் கொடுக்க வேண்டாம்.