கண்ணுக்கு ஒரு சிலேடை

காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினால் நாம் ரசிப்பது பாம்பையும் அல்ல, எள்ளையும் அல்ல. இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அந்த மூட்டுவாயை. அந்த வித்தையைத் தூரிகையால் செய்தவர் ஏப்ரம் கேம்ஸ். 1914இல் லண்டனில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படைச் சிப்பாயாகச் சேர்ந்து, பிறகு பிரிட்டிஷ் போர்த்துறைக்குச் சுமார் நூறு சுவரொட்டிகள் வரைந்தார்.

1942இல் வந்த ஒன்றைப் பாருங்கள். ராணுவ விஷயங்களைக் கண்ட இடத்தில் பேசாதே என்று சிப்பாய்களை எச்சரிப்பது. ஒரு சிப்பாயின் வாயிலிருந்து ஒரு சுருள் கிளம்புகிறது. வானொலிக் காலத்து ஆட்களுக்கு அது ஒலியலை என்று உடனே புரிந்திருக்கும். சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டே வந்த சுருள், கடைசிச் சுற்றில் துப்பாக்கி முனைக் கத்தியாக மாறி மூன்று சிப்பாய்களைச் சேர்த்துக் குத்துகிறது. காற்றாக இருந்தது எந்த இடத்தில் இரும்பானது? விரல் வைத்துத் தேடினாலும் அகப்படாது. கேம்ஸின் அப்பா புகைப்படக்காரர். ஏர்பிரஷ் பிடிக்கக் கற்றது அவரிடம்தான். கோடு போட்டுப் பிரிக்காமல், தூவிய வண்ணம் அடர்ந்தும் வெளுத்தும் உருவத்தைக் கரைக்கிற அந்தக் கைப்பழக்கம் இல்லாவிட்டால் இந்தச் சிலேடை நின்றிருக்காது.

இதே எச்சரிக்கைக்கு ஃபூகாஸ் என்ற ஓவியர் 1940இல் போட்ட கேலிச் சித்திரங்களும் புகழ்பெற்றவை. அரட்டை அடிப்பவர்களுக்குப் பின்னால், சுவரில் ஒட்டிய தாளிலெல்லாம் ஹிட்லர் முகம் ஒட்டுக்கேட்கும். சிரிக்க வைப்பார். கேம்ஸின் படத்தில் எதிரியே கிடையாது. பேசியவனும் நம் ஆள், குத்துப்பட்டவர்களும் நம் ஆட்கள். பேசிய வாய் ஒன்று, சரிந்த உடல் மூன்று. சுவரொட்டியின் வாசகம், பேச்சு ‘கொல்லக்கூடும்’ என்று சந்தேகத்துக்கு இடம் வைக்கிறது. படத்திலோ கத்தி ஏற்கெனவே இறங்கிவிட்டது.

இன்னொன்று, கப்பலை நம்பாமல் காய்கறியை நீயே பயிரிடு என்பது. கடல்வழி வந்த உணவை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். கப்பலின் முகப்பும் மண்வெட்டியின் இலையும் ஒரே உருவத்தில் பொருந்தி நிற்கின்றன. (நம் ஊர் மண்வெட்டி இல்லை, காலால் மிதித்து இறக்குகிற வகை.) கடலைக் கிழிப்பதும் மண்ணைக் கிழிப்பதும் ஒரே வளைவு என்பதை அவருக்கு முன் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

பெண்களைத் துணைப்படைக்கு அழைத்து 1941இல் அவர் வரைந்த பொன்முடி அழகிதான் நாடாளுமன்றம்வரை சர்ச்சையாகி, திரும்பப் பெறப்பட்டது. கவர்ச்சி அதிகம் என்று புகார். எனக்கு வேறு குறை. முகம் அழகு, ஒளி அழகு. ஆனால் இரண்டாவது பொருள் இல்லை. ஒரு தடவை பார்த்தால் முடிந்துபோகிறது.

கேம்ஸ் முதலில் மிகச் சிறிய கிறுக்கல்களாகவே யோசனைகளை வரைந்து பார்ப்பார். ஓர் அங்குல உயரத்தில் எடுபடாத யோசனை சுவர் அளவிலும் எடுபடாது என்பது அவர் கட்சி. அந்தச் சுருளைக் கைபேசித் திரையில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், அப்போதும் குத்துகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு வெளியான அஞ்சல்தலைகளில் ஒன்றை இவரிடம் வரையக் கொடுத்தவர்கள் ஆளறிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.