மண்டியிட்டவரும் மிதித்தவரும்

1633-ஆம் ஆண்டில் இருவர் மறுத்தனர். தாமாக மறுத்தனரல்லர், மறுக்க வைக்கப்பட்டனர்.

சூன் திங்களில், ரோம் நகரில், 69 வயது முதியவர் கலிலியோ மண்டியிட்டார். பூமி சுற்றுகிறது எனும் கருத்தைக் கைவிடுவதாக, எழுதிக் கொடுத்ததைப் படித்தார். படிக்க வைத்தது திருச்சபை! அக்டோபரில், ஜப்பானின் நாகசாகியில், அதே திருச்சபையின் ஊழியர், போர்த்துகல் நாட்டு ஏசுசபைப் பாதிரியார் ஃபெரெய்ரா, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டார். ஐந்து மணி நேரத்துக்குப் பின் தம் மதத்தை மறுத்தார். மறுக்க வைத்தது அரசு! அங்கே ஒடுக்கியது சபை. இங்கே ஒடுக்கப்பட்டவர் அச்சபையின் ஊழியர்.

ஃபெரெய்ராவின் வீழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு ஷுசாகு எண்டோ 1966-இல் வெளியிட்ட ஜப்பானியப் புதினம் 'மௌனம்'. 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. எண்டோ சிறுவயதிலேயே ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். எனினும், பகுத்தறிவாளர் படிக்கவேண்டிய ஏடு இது என்போம்.

முத்துக்குளித்துறையில் மதம் பரப்பிய அதே சவேரியார் 1549-இல் ஜப்பானில் விதைத்த மதத்துக்கு, 1614-இல் நாடெங்கும் தடை விழுந்தது. ஏசுவின் உருவத்தைக் காலால் மிதித்துக் காட்டு. மிதித்தால் வாழ்வு, மறுத்தால் வதை! இதுவே சோதனை.

ஆசான் மதம் துறந்தார் என்பதை நம்பாமல் ஜப்பானுக்கு ஒளிந்து வருகிறார், கதைத்தலைவர் ரோட்ரிகஸ். பிடிபடுகிறார். சிறையில், இரவில் கேட்கும் ஓசையைக் காவலனின் குறட்டை என்றெண்ணி எரிச்சலுறுகிறார். குறட்டையன்று அது; குழியில் தொங்கும் ஏழை உழவரின் முனகல்! அவர்களோ முன்பே மதத்தை மறுத்துவிட்டவர்கள். எனினும், பாதிரியார் மிதித்தாலன்றி அவர்களுக்கு விடுதலை இல்லை. அவர் மிதிக்கிறார்.

மதம் துறந்தவனைத் துரோகி என்று தூற்றுவதே மதவாதியின் வழக்கம். எண்டோ தூற்றவில்லை, அவனுடைய வேதனையை நம் வேதனையாக்குகிறார். இது நூலின் பெருமை.

குறை எது? மிதிக்கும் அந்த நொடியில், உருவமே பேசி அனுமதி தருவதாக எழுதிவிட்டார். ஏன் தரவேண்டும் அனுமதி? எதிரே மனிதர் துடிக்கின்றனர். காலைத் தூக்கி வைத்தால் அவர்கள் பிழைப்பர். இதற்கு ஆண்டவன் ஆணையா வேண்டும்? மனிதநேயம் ஒன்றே போதாதா? நூலெங்கும் வானத்தை வாய்திறவாததாகக் காட்டிய ஆசிரியர், மனிதன் தானே முடிவெடுத்து உயர்ந்து நிற்கும் வேளையில், அந்தப் புகழை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்!

நம் நண்பர் சிலர் வேறொன்று கூறுவர்: 'பாதிரியாரே மறுத்துவிட்டார், பார்த்தீர்களா! வென்றது நம் கொள்கை!' தோழர்களே, அது வெற்றியன்று. பிரம்பைக் கண்டு 'புரிந்தது' என்கிறான் மாணவன். புரிந்ததாகவா பொருள்? பள்ளியில் நாம் நாள்தோறும் காணும் காட்சி இது. பிரம்பைக் கீழே வைத்த பிறகு அவன் என்ன சொல்கிறானோ, அதுவே விடை.

கலிலியோ மண்டியிட்டதால் பூமி நின்றுவிடவில்லை. ஜப்பானிலோ, தலைமுறை தலைமுறையாக மிதித்தவர்களின் வழிவந்தோர், 1865-இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து, தாங்களும் கிறித்தவரே என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெல்லக் கூறினர். மிதித்தது கால், நெஞ்சன்று. அந்த உறுதியை வியக்கிறோம். ஆனால் உறுதி வேறு, உண்மை வேறு. வதைக்குத் தப்பியதாலேயே ஒரு நம்பிக்கை மெய்யாகிவிடாது. வதையால் ஒடுக்கப்பட்டதாலேயே பொய்யாகியும் விடாது. மெய்யும் பொய்யும் தேர்வது அறிவின் வேலை, கொலைக்குழியின் வேலையன்று.

ஆகவே, 'கடவுள் இல்லை' என்று நாம் கூறுவதற்கு மதிப்பு எப்போது? 'உண்டு' என்பவன் நம் முன் அச்சமின்றி நின்று கூறமுடியும்போதுதான். அவனோடு வாதிடுவோம், வாதில் வெல்வோம். அவன் காலைப் பிடித்து இழுத்து எதன்மீதும் வைக்கமாட்டோம். ரோமில் நடந்ததைக் கண்டிக்கும் நமக்கு, நாகசாகியில் நடந்ததையும் கண்டிக்கும் கடமை உண்டு. இரண்டையும் கண்டிப்பவனே பகுத்தறிவாளன். ஒன்றை மட்டும் கண்டிப்பவன், கட்சி மாறிய மதவாதி!