இறக்கிய கோப்பு யாருடையது?

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மைக் கையொப்பத்தின் அந்தஸ்தை வழங்கியதன் பயனாக, மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியும் தியாகராய நகரின் குறுக்குத் தெருக்களிலும் தொழில் நடத்துகிற ஆடிட்டர்களின் மேசைகளில் விரல் நீள டோக்கன் ஒன்று இன்று தவறாமல் காணப்படுகிறது. கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகள் அதைச் செருகி ஒப்பமிட்ட பிறகே அரசாங்கத்தைச் சென்றடைகின்றன. ஆனால் அந்த டோக்கனை இயக்குவதற்கான டிரைவரையோ, தேடுபொறி முதலில் காட்டிய ஏதோ ஒரு முகவரியிலிருந்து இறக்கி, அதில் ஒப்பமிட்டவர் யாரென்று பாராமலே நிறுவிவிடுகிறார்கள். பிறர் நம்மை நம்பும்பொருட்டு இத்தனை சிரத்தை கொள்ளும் நாம், நம் கணினிக்குள் நுழையும் மென்பொருளிடம் அதே பிரமாணத்தைக் கேளாமலிருப்பது எனக்கு மிகுந்த கவலை தருவதால், சாதாரண விண்டோஸ் கணினியில் எவரும் செய்யக்கூடிய இரண்டு பரிசோதனைகளைச் செய்து பார்த்தேன்.

முதலாவது விண்டோஸிலேயே இருக்கிறது. லிப்ரேஆபீஸ் நிறுவுகோப்பின் மேல் வலப்புறம் சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாவலைத் திறந்தால், அதை வெளியிடும் 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற பெயரும், 'டீடெயில்ஸ்' பொத்தானை அழுத்தினால் கையொப்பம் சரியே என்ற வாசகமும் கிடைக்கின்றன. அரை நிமிஷ வேலை. எனினும் அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்பவை, விண்டோஸ் முன்கூட்டியே நம்பிக்கை வைத்துள்ள சான்றளிப்பு அமைப்புகளே. சாட்சியும் தவறக்கூடும் என்பதற்கு, 2014 ஜூலையில் நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அதிகாரமற்ற சான்றிதழ்கள் வெளிவந்து, பின்பு ரத்து செய்யப்பட்டதே உதாரணம்.

இரண்டாவது, ஜிபிஜி4வின் என்ற தொகுப்பில் அடங்கிய கிளியோபாட்ரா என்ற மென்பொருள். டெபியன் இயங்குதளத்தின் 600 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நிறுவுகோப்போடு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த 128 எழுத்து அடையாளமான ஹேஷ் பதிந்த சிறு கோப்பும், அச்சிறு கோப்பின் கையொப்பமும் தனித்தனியே கிடைக்கின்றன. கிளியோபாட்ராவிடம் கையொப்பத்தைக் கொடுத்து ஹேஷ் கோப்பைச் சோதித்தபின், விண்டோஸின் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் பெரிய கோப்பின் ஹேஷைக் கணித்து ஒப்பிட வேண்டும். அந்தச் சிறு கோப்பில் ஒரேயொரு இடைவெளியைச் சேர்த்து, வேண்டுமென்றே மறுபடி சோதித்தேன். கண்ணுக்குப் புலப்படாத அந்த மாற்றத்தையும் கண்டுகொண்டு, கையொப்பம் செல்லாது என்று கிளியோபாட்ரா உடனே நிராகரித்தபோது, இந்தக் கணித சாஸ்திரத்தின் மீது எனக்கிருந்த மரியாதை பன்மடங்காயிற்று.

கஷ்டமெல்லாம் கையொப்பத்தைச் சோதிக்கத் தேவையான, ஒப்பமிட்டவரின் சாவியைப் பற்றியது. மாசற்ற கோப்பைக் கொடுத்தாலும், ஒப்பமிட்ட சாவி இன்னாருடையதுதான் என்று நாம் உறுதி கூறாதவரையில் கிளியோபாட்ரா எச்சரித்துக்கொண்டே இருக்கிறது; உறுதி கூறுவதற்கோ முதலில் நமக்கென்று ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், புதியவர் பலர் இவ்விடத்தில் மனம் தளர்ந்துவிடுவார்கள். ஆயினும் அந்த எச்சரிக்கை நியாயமானது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்வாசல் வைத்த போலிக் கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்தை மாற்ற வல்லவர் அதே பக்கத்திலுள்ள ஹேஷையும் சாவியின் அடையாளத்தையும் மாற்ற வல்லவரே அல்லவா? ஆகவே அந்த அடையாளம் வேறொரு வழியாக வந்து சேர வேண்டும். சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் கஜேந்திர வட்டத்தின் அருகே மாதந்தோறும் கூடிய சந்திப்புகளைப் போன்றவை இவ்விஷயத்தில் விலைமதிப்பற்றவை. நான் அடையாற்றில் வெகுகாலமாக டெபியன் உபயோகித்துவரும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கணினியில் ஏற்கெனவே இருந்த சாவியின் அடையாளமான 40 எழுத்துக் கைரேகையை நான்கு நான்காக வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுக்கொண்டேன்.

உஸ்மான் சாலையில் வாங்கும் தங்கத்தின் ஹால்மார்க் முத்திரை, பொன்னின் மாற்றுக்கே சாட்சி. மென்பொருளின் கையொப்பமோ ஆக்கியவர் யார் என்பதற்கும், அவர் கையை விட்டபின் கோப்பு மாறவில்லை என்பதற்கும் மட்டுமே சாட்சி. 2017 ஆகஸ்டில் வெளிவந்த சீகிளீனர் 5.33 என்ற மென்பொருள், ஆக்கியோரின் இடத்திலேயே விஷமம் கலக்கப்பட்டு, அவர்களுடைய செல்லுபடியான கையொப்பத்துடனேயே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை அடைந்தது. அத்தகைய ஆபத்துக்கு இவ்விரு முறைகளிலும் பரிகாரமில்லை. வழியில் நடக்கும் ஆள்மாறாட்டத்துக்கு உண்டு.

அலுவலகங்களின் அன்றாடக் காரியத்துக்கு விண்டோஸ் தாவலே போதும் என்பதும், இயங்குதளத்தையே மாற்றி நிறுவுகிறவர்கள் கிளியோபாட்ராவுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியே ஆகவேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். ஜிபிஜி4வின் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் நிறுவுகோப்பின் கையொப்பத்தை விண்டோஸ் தாவலில் பார்த்துவிட்டே நிறுவலாம். டோக்கன் விற்பவர்கள், டிரைவர் கிடைக்கும் சரியான முகவரியையும், அதில் ஒப்பமிட்டிருக்கும் நிறுவனத்தின் பெயரையும் உறையின் மேலேயே தமிழில் அச்சிட்டுத் தருவார்களானால், கணினி ஞானம் அதிகமில்லாத குமாஸ்தாவும் தாவலைத் திறந்து இரு பெயர்களையும் ஒத்துப்பார்த்துவிடுவார்.