காத்திருக்கத் தெரிந்தவரின் குதிரைகள்

பந்தயக் குதிரை ட்ரெய்னர் பார்ட் கமிங்ஸின் புருவங்களுக்கு ஆஸ்திரேலியாவில் தனி ரசிகர்கள் இருந்தார்கள். நரைத்து மண்டி, நெற்றிமேல் ஏறி நிற்கும். நிருபர்கள் மைக்கை நீட்டி, "இன்றைக்கு ஜெயிக்குமா?" என்று கேட்டால் அவை ஒருமுறை உயரும், பிறகு நாலு சொல் வரும், சில சமயம் அதுவும் வராது. லாயத்தைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரி ஈக்கள் அதிகம் என்று குறை சொன்னபோது, எத்தனை ஈ வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் திருப்பிக் கேட்ட கதையை ரேஸ்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெறும் குறும்பு என்று நான் அதை ஒதுக்கமாட்டேன். அந்த அளவான பேச்சு அவருடைய தொழிலின் ஒரு பகுதி. குதிரையைப் பற்றி முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால், அப்புறம் குதிரைக்காக இல்லாமல் வாக்குக்காக அதை ஓட்ட வேண்டிவரும்.

1927-ல் பிறந்தவர், அடிலெய்டுக்காரர். அப்பா ஜிம் கமிங்ஸும் ட்ரெய்னர். 1950-ல் அப்பாவின் காமிக் கோர்ட் மெல்போர்ன் கப்பை வென்றபோது அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட லாயப் பையன் பார்ட்தான். இத்தனைக்கும் அவருக்கு ஆஸ்துமா. குதிரையும் வைக்கோலும் உனக்கு ஆகாது, ஒதுங்கியிரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒதுங்கச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்து 1965-க்கும் 2008-க்கும் இடையில் 12 மெல்போர்ன் கப் வாங்கினார்.

அந்தக் கப் 3200 மீட்டர். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, ஃபிளெமிங்டன் மைதானத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஹேண்டிகேப் பந்தயம் என்பதால் கெட்டிக்கார குதிரைக்கு முதுகில் எடை கூடுதல். கமிங்ஸ் இதற்கு வைத்திருந்த கணக்கு எளிமையானது: கப்பில் இறங்கும் முன், அந்த சீசனின் பந்தயங்களில் மட்டும் குதிரை மொத்தம் 10,000 மீட்டர் ஓடி முடித்திருக்க வேண்டும். குறுகிய தூரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். அவருடைய பல குதிரைகளுக்குக் கடைசிப் படி, அப்போது கப்புக்கு மூன்று நாள் முன்பு சனிக்கிழமை நடந்துவந்த மக்கினன் ஸ்டேக்ஸ். மூன்றே நாளில் மறுபடியும் ஓட்டுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1991-ல் லெட்ஸ் இலோப், 1999-ல் ரோகன் ஜோஷ் இரண்டுமே சனிக்கிழமை மக்கினனையும் செவ்வாய்க்கிழமை கப்பையும் வென்றன. நடுவில் வரும் பந்தயங்களில் அவர் தேடியது வெற்றியை அல்ல, குதிரையின் மூச்சை. அந்த ஒரு செவ்வாய் மூன்று மணிக்கு முன்னாலும் உச்சம் வரக்கூடாது, பின்னாலும் வரக்கூடாது. இந்தக் கணிப்பு ஒரு தடவை பலித்தால் அதிர்ஷ்டம் எனலாம். ஐந்து தடவை கப்பில் முதலிடமும் இரண்டாமிடமும் இவர் லாயத்துக்கே போயின. அதற்கு என்ன பெயர் வைப்பது?

வாங்கும் கண்ணும் இப்படித்தான். குட்டி ஏலத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்னங்காலை. குளம்பு நேராக விழுகிறதா, உள்பக்கம் திரும்புகிறதா என்று நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கலிலீ என்ற குட்டிக்குக் குளம்புகள் உள்நோக்கித் திரும்பியிருந்தன. எத்தனையோ பேர் அந்த ஒரு காரணத்துக்காகவே ஏலப் பட்டியலின் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். கமிங்ஸ் முழுக் குதிரையையும் பார்த்து வாங்கினார். 1966-ல் அது கால்ஃபீல்ட் கப், மெல்போர்ன் கப் இரண்டையும் எடுத்து, அதே சீசனில் சிட்னி கப்பையும் சேர்த்துக்கொண்டது.

ஆனால் ட்ரெய்னருக்குக் குதிரை சொந்தமில்லை. அங்கேதான் இந்தத் தொழிலின் நுட்பமான பகுதி தொடங்குகிறது. அவருக்குக் கிடைப்பது நாள் கணக்கில் பராமரிப்புக் கட்டணமும் பரிசுப் பணத்தில் பத்து சதவீதமும். ஆஸ்திரேலியாவில் ஒரு குதிரையைப் பலர் சேர்ந்து சிண்டிகேட்டாக வைத்துக்கொள்வது சர்வசாதாரணம். பத்துப் பேர் பங்கு போட்டால் பத்துப் பேருக்கும் சனிக்கிழமை சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வர ஆசை. இந்த மாதம் ஓட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்வது, குதிரையை அடக்குவதைவிடச் சிரமம்.

திங்க் பிக் விஷயத்தைப் பாருங்கள். 1974-ல் கப்பை வென்றது. இரண்டாவதாக வந்ததும் கமிங்ஸின் லெய்லானிதான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் திங்க் பிக் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் பில் போயிருக்கும். ஒவ்வொரு மாதமும் பங்காளிகள் பணம் கட்டியிருப்பார்கள். அடுத்து அது வென்ற பந்தயம் 1975 மெல்போர்ன் கப்! அந்தப் பங்காளிகளில் ஒருவர் மலேசியத் தொழிலதிபர் டத்தோ டான் சின் நாம். சதுரங்கத்தின் பெரிய புரவலர். அவருடைய ஜாக்கிகளின் சட்டையே சதுரங்கப் பலகை: கறுப்பு வெள்ளைக் கட்டம், மஞ்சள் கை. காத்திருக்கும் நகர்வின் மதிப்பை அறிந்த ஆட்டக்காரர், காத்திருக்கத் தெரிந்த ட்ரெய்னருக்கு உரிமையாளராக வாய்த்தது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். 1996-ல் செயின்ட்லி இவர்கள் இருவரின் கூட்டுக் குதிரை. கமிங்ஸே இனவிருத்தி செய்து வளர்த்தது. காக்ஸ் பிளேட் பந்தயத்தையும் மெல்போர்ன் கப்பையும் ஒரே பருவத்தில் கொண்டுவந்தது.

அதே கமிங்ஸ் ஒருமுறை அவசரப்பட்டார், அதுவும் சிண்டிகேட் விஷயத்தில். 1989-ல் வரிச் சலுகையைக் காட்டிப் பணக்காரர்களுக்குப் பங்கு விற்கலாம் என்று கணக்கு நிபுணர்களோடு திட்டம் போட்டு, கோடிக்கணக்கான டாலருக்கு ஒரு வயதுக் குட்டிகளை வாங்கிக் குவித்தார். பொருளாதாரம் சரிந்தது, பங்குகள் விலைபோகவில்லை. குட்டிகளும் கடனும் அவர் தலையில் விழுந்தன. ஏலத்தில் நஷ்டத்துக்கு விற்றார். கடன்காரர்களோடு பேசி, திவாலாகாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்தார். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. குதிரைகளுக்கெல்லாம் வயது ஏறுவது ஆகஸ்ட் 1-ல். இந்த இரண்டு நாள்காட்டிகளும் ஒத்துப்போகாது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பணத்தின் நாள்காட்டியை நம்பிய அந்த ஒரு தடவை அடி விழுந்தது. அடுத்த ஆண்டே கிங்ஸ்டன் ரூல் 3 நிமிடம் 16.3 விநாடியில் கப்பை வென்று சாதனை படைத்தது. கடன் சுமையோடு ஒருவர் தயார்செய்த குதிரை அது என்று நினைத்துப் பார்த்தால், அந்த நேரம் இன்னும் வேகமாகத் தெரிகிறது.

நம் ஊரில் ரேஸ் என்றாலே குடி கெடுக்கும் சூதாட்டம் என்ற நினைப்பு. சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தபோது, குதிரைக்குக் கொடுக்கும் பயிற்சியையும் அந்தத் திறமையில் சேர்த்தே எண்ணியது. பந்தயம் கட்டுகிறவரின் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ட்ரெய்னரின் திறமையைப் பற்றி இல்லை.

கமிங்ஸ் 2015-ல் காலமானார். ரேஸில் அக்கறை இல்லாதவர்களும் 2008 மெல்போர்ன் கப்பின் பதிவை ஒருமுறை தேடிப் பாருங்கள். அவருக்கு அப்போது வயது 80. குதிரையின் பெயர் வியூட். டான் சின் நாமின் சதுரங்கச் சட்டையில் ஜாக்கி பிளேக் ஷின். மூன்று நாள் முன்பு மக்கினனில் பின்வரிசையில் முடித்த குதிரையை யாரும் பொருட்படுத்தவில்லை, 40-க்கு 1 என்று விலை போனது. கடைசி நேர்ப்பாதையில் சதுரங்கச் சட்டை முன்னால் வருகிறது. பாவர் என்ற குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் இடைவெளியைத் தின்றுகொண்டே நெருங்குகிறது. கோட்டில் இரண்டு தலையும் சேர்ந்து இறங்குகின்றன. புகைப்படம் பார்த்துத்தான் தீர்ப்பு, மூக்கு நுனி வித்தியாசத்தில் வியூட். அந்தக் கடைசி நூறு மீட்டரை மெதுவாக ஓடவிட்டு, வியூட்டின் பாய்ச்சல் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.